ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் யார் தூக்குவது?



எங்கட ஊரில் ஒரு இளம் உம்மா பேபி கெரியரில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வெளியே வந்தால் போதும், கதை தொடங்கிவிடும். "குரங்குக்குட்டி மாதிரி தொங்குது", "வெளிநாட்டு ஸ்டைல்", "கைப்பழக்கம் வந்துரும்". பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நிற்கிறவர்களிடமும் இதைத்தான் கேட்கிறோம். ஏன் கட்டியிருக்கிறாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

அது பால் கக்குகிற பிள்ளை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள தசை வளையம் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் பலப்பட்டிருக்காது. அதனால் குடித்த பால் மேலே வருகிறது. உம்மாவின் பால் சரியில்லாததால் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதாகும்போது தானாகவே குறைந்துவிடும். அதுவரை, பால் கொடுத்தபின் 20, 30 நிமிடம் பிள்ளையை நிமிர்த்தி வைத்திருக்கச் சொல்வார்கள்.

கணக்குப் போடுங்கள். எட்டுத் தடவை குடிக்கிற பிள்ளைக்குத் தடவைக்கு அரை மணித்தியாலம் என்றால் நாளைக்கு 4 மணித்தியாலம். நாற்பது முடிந்ததும் மூத்தம்மாவும் ராத்தாமாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு யார் தூக்குவது? இரண்டு கையும் ஒழிய வேண்டிய ஒருத்தி ஒரு துணியில் கட்டிக்கொண்டால் அதற்கும் சிரிப்பு!

இதில் வேடிக்கை, சிரிக்கிற அதே ஆட்கள் பால் குடித்த கையோடு பிள்ளையை ஏணையில் போடச் சொல்வார்கள். ஏணையில் உடம்பு வளைந்து வயிறு மடிகிறது, நாடி நெஞ்சில் முட்டுகிறது. கக்குகிற பிள்ளைக்கு அது நல்லதா? "பால் ஒத்துக்கொள்ளல்ல, மா குடு" என்பதும், 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்க கிரைப் வாட்டர் ஊற்றுவதும் இவர்கள்தான்.

கெரியர் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. பிழையாகக் கட்டினால் ஆபத்தும் உண்டு. கடைக்காரர் பெட்டியைத் தருவார், கட்டுகிற முறையைச் சொல்லித் தரமாட்டார். பிள்ளை நிமிர்ந்து, உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி இருக்க வேணும். குனிந்தால் உச்சியில் முத்தமிடுகிற உயரம். நாடி நெஞ்சில் படியக்கூடாது, மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேணும், முந்தானை போட்டு மூடவே கூடாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே. வயிற்றை நெரிக்கிற மாதிரி இறுக்கினால் கக்கல் கூடும். பக்கவாட்டில் சுருண்டு கிடக்கிற பை மாதிரியானது வேண்டவே வேண்டாம். 4 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை, மாதம் குறைந்து பிறந்த பிள்ளை என்றால் முதலில் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ கேளுங்கள். அடுப்படிக்கு கெரியரோடு போகாதீர்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. தூங்க வைப்பது, கக்குகிற பிள்ளையானாலும், சமமான படுக்கையில் மல்லாக்காகத்தான்.

கக்கினாலும் நிறை கூடிச் சிரித்து விளையாடுகிற பிள்ளைக்குப் பயமில்லை. பச்சையாகவோ இரத்தத்தோடோ வாந்தி வந்தால், பீச்சியடித்தால், நிறை ஏறாவிட்டால், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. கண்ணூறு என்று ஓதுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. போகிற வழியில் ஓதுங்கள்.

கடைசியாக வாப்பாமாருக்கு. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதார்கள், ஸுஜூதில் இறக்கி, எழும்பும்போது மீண்டும் தூக்கினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பள்ளிவாசலில் அந்த ஹதீஸைக் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொன்னவர்கள் சந்தியில் கெரியர் கட்டிய வாப்பாவைக் கண்டு சிரிப்பது என்ன நியாயம்? இஷாவுக்குப் பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு அரை மணித்தியாலம் நீங்கள் கட்டுங்கள். பட்டியைக் கொஞ்சம் தளர்த்தினால் உங்கள் நெஞ்சுக்கும் அளவாக வரும்.