குளிர்கால டயர் மாட்டியதும் எரியும் மஞ்சள் விளக்கு... கண்டுகொள்ளாமல் விடலாமா?

நவம்பர் பிறந்தால் கனடாவின் டொரன்டோ வட்டாரத்தில் டயர் கடைகளில் கூட்டம் அள்ளும். ஸ்கார்பரோ பக்கம் தமிழர் நடத்தும் கடையாக இருந்தால் இந்த வசனமும் காதில் விழும்: "சென்சார் ஒண்டும் தேவையில்லை தம்பி. டேஷ்போர்டில ஒரு லைட் எரியும், அவ்வளவுதான். அதைப் பார்க்காதேங்கோ."

படிக்கப் போன மாணவர், வேலை கிடைத்து முதல் கார் வாங்கியவர் என்று பலரும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். நான்கு சென்சாருக்கான 200, 300 டாலர் மிச்சம்தானே! கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. விளக்கு எரியும், காரும் ஓடும். ஆனால் அந்த யோசனை தப்பு என்பதுதான் என் கட்சி. அதிலும் குளிர்காலத்துக்கு அது ரொம்பவே தப்பு.

முதலில் அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விவகாரம் அது. காற்று குறைவான டயர் சூடேறிக் கெட்டுப்போவதும் அப்போது பேசுபொருளானது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் டயர் அழுத்தக் கண்காணிப்பு, அதாவது டிபிஎம்எஸ், கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. கனடாவில் இன்றும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அமெரிக்காவுக்குச் செய்யும் அதே கார்தான் இங்கும் விற்பனைக்கு வருகிறது என்பதால், சென்சாரும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த அமைப்பில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று நேரடி ரகம். ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு சேர்த்து ஒரு சின்ன சென்சார் இருக்கும். அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்குச் சொல்லும். இன்னொன்று மறைமுக ரகம். இதில் டயருக்குள் எதுவும் கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சாரை வைத்தே கார் அதைக் கண்டுபிடித்துவிடும். ஹோண்டா, மாஸ்டா, ஃபோக்ஸ்வாகன் நிறுவனங்களின் அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் இந்த ரகம்தான்.

உங்கள் காரில் எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். டேஷ்போர்டில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் தனித்தனி எண்ணாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நேரடி ரகம். எண் எதுவும் காட்டாமல், மெனுவில் 'கேலிப்ரேட்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுக ரகம். சந்தேகமிருந்தால் காரோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். மறைமுக ரகம் என்றால் சென்சார் செலவே இல்லை. குளிர்கால டயரை மாட்டி, சரியான அளவு காற்றடித்து, பிறகு கேலிப்ரேட் செய்தால் போதும். இந்த வரிசை முக்கியம். காற்று குறைவாக இருக்கும்போது பொத்தானை அமுக்கினால், அந்தக் குறைந்த அளவையே சரியான அளவு என்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் அது எச்சரிக்க ரொம்பத் தாமதமாகும்.

சரி, குளிரில் டயருக்கு என்னதான் ஆகிறது? வெப்பநிலை குறைந்தால் காற்றின் அழுத்தமும் குறையும். பள்ளிக்கூட இயற்பியல்தான். ஏறத்தாழ 5 முதல் 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ போகும் என்பது பொதுக் கணக்கு. செப்டம்பரில் 20 டிகிரி வெயிலில் 35 பிஎஸ்ஐ அடித்த டயர், ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி காலையில் 28 பிஎஸ்ஐ-தான் காட்டும். ஓட்டை இல்லை, ஆணி குத்தவில்லை. வெறும் குளிர் மட்டுமே 7 பிஎஸ்ஐ-யைத் தின்றுவிட்டது.

அமெரிக்க விதிப்படி, கார் நிறுவனம் சொல்லும் அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 35-க்கு அது 26 சொச்சம். இப்போது கணக்கைப் பாருங்கள். செப்டம்பரில் 35-க்குப் பதில் 32 இருந்த டயர், அதே மைனஸ் 20-ல் 26-க்கும் கீழே இறங்கிவிடும். இலையுதிர்காலத்தில் யாரும் கவனிக்காத 3 பிஎஸ்ஐ குறை, நடுக்குளிரில் ஆபத்தான குறையாகிறது. சாலையில் பனி உறைந்து, பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கும் என்று தெரியாத நாளில்தான் இது நடக்கும். அந்த ஐந்து மாதமும் எச்சரிக்கையை அணைத்து வைக்கச் சொல்வது, மழைக்காலத்தில் குடையைப் பரணில் போடச் சொல்வது போலத்தான்.

"விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது, அதுவே எச்சரிக்கைதானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. சென்சார் இல்லாத சக்கரத்தை மாட்டினால், காரைக் கிளப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை சிமிட்டிவிட்டு, பிறகு நிலையாக எரியும். சிமிட்டல் என்றால் அமைப்பே வேலை செய்யவில்லை என்று பொருள். சிமிட்டாமல் நேராக எரிந்தால் காற்று குறைவு என்று பொருள். எப்போதும் சிமிட்டி எரியும் விளக்கால், நெடுஞ்சாலையில் ஒரு டயர் மெல்லக் காற்றிழப்பதைச் சொல்லவே முடியாது. கறுப்பு டேப் ஒட்டி அதை மறைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்!

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அது நியாயமானதும்கூட. கையில் இருக்கும் பணம் நான்கு குளிர்கால டயருக்கு மட்டும்தான் போதும் என்றால் என்ன செய்வது? டயரைத்தான் வாங்க வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகி, பிடிமானம் குறைந்துவிடும். அதை எந்தச் சென்சாரும் ஈடுகட்டாது. அப்படிப்பட்டவர்கள் ஒரு நல்ல அழுத்தமானியை வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். சில கிலோமீட்டர் ஓடிய டயர் சூடாகி அதிகமாகக் காட்டும். காலையில் எரிந்த விளக்கு அரைமணி நேரத்தில் அணைந்தால் டயர் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு, அதை அடிக்காதீர்கள்.

பணம் ஓரளவு இருப்பவர்களுக்கு வழிகள் உண்டு. ஒரே ரிம்மில் வருடம் இரண்டு முறை டயரை மட்டும் மாற்றினால் சென்சார் அதே இடத்தில் இருக்கும், புதிதாக வாங்க வேண்டாம். ஆனால் கூலி ஒவ்வொரு முறையும் கூடுதல். டயரைக் கழற்றும் இயந்திரத்தில் சிக்கிச் சென்சார் உடைவதும் நடக்கிறது. நான் சொல்வது இரண்டாவது வழி. தனியாக ஒரு செட் இரும்பு ரிம், அதில் குளிர்கால டயர், கூடவே நான்கு சென்சார். கார் நிறுவன டீலரிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வெளிச்சந்தையில் ஒன்று ஏறத்தாழ 40 முதல் 80 டாலருக்குக் கிடைக்கும். உங்கள் காரின் அலைவரிசைக்குப் பொருந்துமா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைக்காரரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. சக்கரம் மாறினால் புது எண்ணைக் காருக்குக் கற்றுத்தர வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடியதும் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்குக் கருவி வேண்டும். சீசன் தோறும் இதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா? பழைய எண்ணையே புதிய சென்சாரில் நகலெடுத்துப் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால், சக்கரம் மாறியதே காருக்குத் தெரியாது!

சட்டத்தின் பக்கம்தான் எனக்கு ஆதங்கம். அமெரிக்காவில், நன்றாக இயங்கும் பாதுகாப்பு அமைப்பை ஒரு கடை செயலிழக்கச் செய்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உரிமையாளர் தானே கழற்றினால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒன்டாரியோவில் 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும். டயருக்கு இவ்வளவு அக்கறை காட்டுபவர்கள், அதே டயரைக் கண்காணிக்கும் அமைப்பை மட்டும் வாடிக்கையாளர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். விருப்பமாகவே இருக்கட்டும். ஆனால் "உங்கள் காரின் எச்சரிக்கை அமைப்பு இனி வேலை செய்யாது" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லலாமே? "பார்க்காதேங்கோ" என்று வாயால் சொல்வதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சென்சார் போட்டவர்களுக்கு ஒரு கொசுறு. நேரடி ரகச் சென்சாரின் வால்வுத் தண்டு பெரும்பாலும் அலுமினியம். கனடாச் சாலைகளில் கொட்டும் உப்பு அதை அரிக்கும். பித்தளை மூடி போட்டால் தண்டோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது தண்டே முறிந்துவரும். இரண்டு டாலர்கூட ஆகாத பிளாஸ்டிக் மூடியே போதும். உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது. 5 முதல் 10 ஆண்டுகள் வரை வரும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். எட்டு வருடப் பழைய காரைக் கைமாற்றி வாங்கியவர்கள், இந்த ஏப்ரலில் கோடைச் சக்கரங்களை மாட்டும்போது அவற்றின் பேட்டரி எப்படி இருக்கிறது என்று கடையில் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.