தாதியின் கடனும் தேசத்தின் கடனும்

“பட்டத்துக்கு இவ்வளவு கடன், படித்து முடித்தால் இவ்வளவு சம்பளம், எத்தனை ஆண்டில் அடைபடும்?” கரவெட்டித் திண்ணைகளிலும் தாதியர் கல்வி பற்றிய பேச்சு இந்தக் கணக்கிலேதான் வந்து நிற்கிறது. பெருக்கலிலே பிழையில்லை. கணக்கைப் போடவைத்த அமைப்பிலேதான் பிழை.

1945 இல் கன்னங்கரா இலவசக் கல்விக்கு வழிதிறந்தார். அரசாங்கத் தாதியர் கல்லூரியில் இன்றும் கட்டணமில்லை. பயிற்சிக்கால உதவிப்பணமும் உண்டு. அங்கும் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடையாத ஏழைப் பெண் தனியார் வாசலில் நிற்கிறாள். தாயின் நகை அடைவுக்குப் போகிறது. 2022 இல் ரூபாய் சரிந்தபின், அந்தக் கடன் வெளிநாட்டு ஊதியத்தினாலேயே தீரும் என்றாயிற்று. மந்திகை வைத்தியசாலையில் இரவு விழித்திருக்க வேண்டியவள் விமானமேறுகிறாள்.

“சம்பாதிக்கப் போகிறவளே செலவையும் ஏற்கட்டும்” என்பர் சிலர். இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 2017 இல் புதிய தாதிய மாணவரின் உதவிப்பணத்தை நிறுத்திக் கடனைச் சுமத்தியது, விண்ணப்பங்கள் சரிந்தன, 2020 இல் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண் மானியம் கொடுக்க நேர்ந்தது.

நோயாளி எழுந்து நடப்பதன் பயன் தாதியின் சம்பளச் சீட்டிலா எழுதப்படுகிறது? பயன் ஊருக்கு, கடன் மட்டும் அவளுக்கா?

1956 இல் கம்யூனிஸ்டான பொ. கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது இந்த வடமராட்சி. ஆசிரியர்களே, மாணவர்களே, அரசாங்கக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கும்படி கேளுங்கள். கேட்பது பிச்சையன்று, நோயாளியின் உரிமை.