வேலைக்கு உதவாத மொழியை ஏன் படிக்க வேண்டும்?

காலை நேரம். தாம்பரத்தில் இருந்து மின்சார ரெயில் புறப்படுகிறது. பெட்டி நிறைய வாலிபர்கள், பெண்கள். இவர்களில் பலருக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர்.

தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984-ம் ஆண்டு வந்தது. தரமணியில் டைடல் பூங்கா 2000-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பின் தென்சென்னைப் புறநகர்களில் கம்ப்யூட்டர் படிப்புக்கு மவுசு ஏறியது.

இப்போது பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "உத்தியோகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மொழி போதுமே! வேறு மொழிகளை வேடிக்கைக்குப் படிப்பானேன்?"

இரண்டே குறிகள்

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே குறிகள். அந்தக் குறிகளில் மனிதன் எழுதுவது கடினம். அதனால் நடுவில் ஒரு மொழி தேவைப்பட்டது.

விஞ்ஞானக் கணக்குகளுக்காக 1957-ல் 'போர்ட்ரான்' வந்தது. மாணவர்களுக்காக 1964-ல் 'பேசிக்' வந்தது. இப்படி ஒவ்வொரு தேவைக்கும் ஒரு மொழி பிறந்தது.

விடுமுறையில் பிறந்த மொழி

1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் பொழுதுபோக்காக ஒரு புது மொழியை எழுதத் தொடங்கினார். அதுதான் 'பைத்தான்'. 1991-ல் வெளிவந்தது. பின்னர் தமிழ்நாட்டில் 12-ம் வகுப்புப் பாடத்திலும் இடம் பெற்றது. விளையாட்டு வினையானது, நல்ல வினை!

தமிழிலும் உண்டு

முத்தையா அண்ணாமலை என்பவர் 2007-ல் 'எழில்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். இதில் கட்டளைகள் எல்லாம் தமிழ். திரையில் எழுத்து வரவேண்டுமா? 'பதிப்பி' என்று எழுதினால் போதும்.

ஆங்கிலத்தில் 'இப்' என்ற சொல் முதலில் வரும்; நிபந்தனை பிறகு வரும். நாமோ 'மழை பெய்தால்' என்கிறோம். மழை முன்னே, 'ஆல்' பின்னே. எழிலிலும் அப்படியே: முதலில் நிபந்தனை, பிறகு 'ஆனால்' என்ற சொல்.

எழில் கற்றவுடன் உத்தியோகம் கிடைத்துவிடாது. ஆனால் ஒரே வேலையை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பது புரியும். புதிய மொழி தரும் லாபம் அதுதான்.

எந்திரம் எழுதுகிறதே?

2022 நவம்பரில் 'சாட் ஜி.பி.டி.' வந்தது. கேட்டால் அதுவே புரோகிராம் எழுதித் தருகிறது. "இனி மொழி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதிய கணக்கை முதலாளி படிக்கத் தெரியாவிட்டால் கடை என்ன ஆகும்? எந்திரம் எழுதுவதிலும் பிழை வருகிறது. அதைக் கண்டுபிடிக்க மனிதன் வேண்டும். பல மொழிகளைத் தொட்டுப் பார்த்தவனுக்கு எது வந்தாலும் மிரட்சி இருக்காது.

பிழைப்புக்கான மொழியை முதலில் ஒழுங்காகக் கற்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் புது மொழிக்கு ஒதுக்கலாம். இந்த மொழிகளில் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

மகனோ மகளோ வேலைக்கு உதவாத மொழியைத் தட்டிக்கொண்டிருந்தால், பெற்றோர் திட்ட வேண்டாம். நாளைக்கு எந்த மொழி சோறு போடும் என்று யாருக்குத் தெரியும்?