இந்தக் காலத்துப் பாட்டில் யார் பேர் இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். “இப்ப வர்றதெல்லாம் பாட்டா டீச்சர்? ராப்புங்கறாங்க, ஜாஸுங்கறாங்க, ஒரு வார்த்தை வெளங்குதா?” என்பார்கள். விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் இந்த ஐந்தாறு மாதமாக, சினிமாவுக்கு வெளியே சமீப வருஷங்களில் வந்த பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார்கள். எனக்கு ராகம் பிரிக்கத் தெரியாது. ஆகவே இது இசை விமர்சனம் அல்ல. ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் காதில் விழுந்தது, மனதில் பட்டது, அவ்வளவுதான்.

முதலில் ராப். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், இசைத்தட்டில் தாளம் மட்டும் வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். வசதியில்லாத பிள்ளைகள் அந்தத் தாளத்தின் மேல் பேச ஆரம்பித்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் ராப். தமிழில் இதை முதலில் உரக்கச் செய்தவர்களில் மலேசியத் தமிழர்கள் முக்கியமானவர்கள். யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006-இல் வந்தது. இங்கே ஹிப்ஹாப் தமிழா 2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்று ஆல்பம் போட்டார்கள்.

“ஒரு வார்த்தை வெளங்குதா?” என்ற கேள்விக்கு வருகிறேன். பழனிக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் இதைக் கேட்கலாமா? அருணகிரிநாதரின் திருப்புகழை முதல் தடவை கேட்டபோது எத்தனை பேருக்குப் பொருள் விளங்கியது? சந்தம்தான் முதலில் பிடித்தது. பொருள் பிறகு மெல்ல வந்தது. ராப்பும் அப்படித்தான். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, கடைசி எழுத்து ஒன்றி வந்தால் இயைபு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோமே, அந்த மூன்றும் இந்தப் பிள்ளைகள் வாயில் தண்ணீர் பட்ட பாடாக வருகின்றன. எந்த வாத்தியாரும் பிரம்பெடுத்து இவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

நான் அதிகம் கேட்டது அறிவு. அரக்கோணத்துப் பையன். ஒஃப்ரோவோடு சேர்ந்து 2019-இல் ‘தெருக்குரல்’ கொண்டு வந்தார். 2024-இல் வந்த ஆல்பத்தின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. தன் பாட்டியின் பெயரைத்தான் ஆல்பத்துக்கு வைத்திருக்கிறார். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுவிட்டு இங்கே திரும்பி வந்தவர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். நம் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையிலும் அப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் உண்டு. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். அந்த 5,25,000 என்ற எண்ணுக்குள் இருந்த ஒரு கிழவியின் பெயரை இன்று காலேஜ் பிள்ளைகள் சொல்கிறார்கள். எந்தப் பாடநூல் குழுவும் செய்யாத வேலை இது.

இதே வழியில் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவையும் சொல்ல வேண்டும். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதர் ‘சாதி பேதமற்ற’ என்று சொன்னாரே, அந்தச் சொல்தான் குழுவின் பெயர். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் வந்தன. கானா என்றாலே ஆண்கள் பாடுவது என்றிருந்த இடத்தில் இசைவாணி வந்து நின்றார். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அடுத்து சோல். சோல் என்றால் ஆன்மா. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்தது. அரீத்தா ஃபிராங்க்ளின், பாதிரியாரான தன் அப்பாவின் சபையில் பாடி வளர்ந்தவர். நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இதைப் பாடுகிறாள் என்று ஒரு மாணவி அனுப்பினாள். பிரியா ராகு. பெற்றோர் இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அகதியாகப் போனவர்கள். அண்ணன் இசையமைக்க, தங்கை பாடுகிறார். 2021-இல் வந்த தொகுப்பின் ஆங்கிலப் பெயருக்கு ‘அடேயப்பா, இவள் தமிழச்சி’ என்று பொருள் சொல்லலாம். 2023-இல் வந்த முழு ஆல்பத்தின் பெயர் ‘சந்தோசம்’. பெரும்பாலும் ஆங்கிலம்தான். நடுவில் தமிழ் வரும்போது, வெளியூர் பஸ்ஸில் நம்மூர் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் சக்கரப் பலகையில் சறுக்கி விளையாடும் சிறுமி பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தச் சிறுமியின் பெயரிலேயே ‘கமலி’ என்று ஒரு பாட்டுச் செய்திருக்கிறார். பனி விழுகிற நாட்டில் வளர்ந்தவருக்கு இங்கே ஒரு மீனவக் கிராமத்துப் பெண்பிள்ளையின் துணிச்சல் கண்ணில் பட்டிருக்கிறது.

இவருக்கு முன்னோடி எம்.ஐ.ஏ. லண்டனில் வாழும் ஈழத் தமிழ்ப் பெண். 2005-இல் ‘அருளர்’, 2007-இல் ‘கலா’. ஒன்று அப்பாவின் இயக்கப் பெயர், இன்னொன்று அம்மாவின் பெயர். ‘கலா’வில் நம் உறுமி ஒலிக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடிக்கு முன்னால் நாம் கேட்கிற அதே உறுமிதான்.

ஜாஸ் பற்றி எனக்கும் பயம் இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இன்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு ஊர்வலத்தில் குழல் வாத்தியக் குழு மெதுவாகச் சோகமாக வாசித்துக்கொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போட வைக்கிற மாதிரி வாசிக்கும். இழவு வீட்டில் ஒப்பாரியும் பறையாட்டமும் ஒன்றாய்ப் பார்த்த நமக்கு இது புதிதா? போட்டு வைத்த மெட்டை விட்டு வெளியே போய், அந்த நேரத்து மனசுக்குத் தோன்றியதை வாசித்துவிட்டுத் திரும்பி வருவதுதான் ஜாஸின் உயிர். கோயில் திருவிழாவில் நாகசுரக்காரர் ராத்திரி ஆலாபனை செய்வதைக் கேட்டவர்களுக்கு அது நன்றாகவே விளங்கும்.

சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ 2023-இல் வந்து, 2024 பிப்ரவரியில் கிராமி விருது வாங்கியது. ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரும் ஜாகிர் உசேனின் தபலாவும் பேசிக்கொள்ளும் இடத்தில், நம் செல்வகணேஷின் கஞ்சிரா உள்ளே நுழைகிறது. 1970-களில் இதே குழுவில் கடம் வாசித்தவர் அவருடைய அப்பா விக்கு விநாயக்ராம். அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்துவிட்டார். அதை நினைத்துக்கொண்டு கேட்டால் நெஞ்சு கனக்கிறது.

இன்னொருவர் கனவ்யா. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். யாத்திரைப் பாட்டும் ஹரிகதையும் கேட்டு வளர்ந்தவர். 2018-இல் ‘ஐக்கியம்: ஒண்ணு’ என்ற ஆல்பத்தில் ஜாஸின் பழைய பிரபலமான பாட்டுகளைத் தமிழாக்கிப் பாடினார். 2024-இல் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’. கோயிலின் மகள் என்று பொருள். வெய்ன் ஷார்ட்டர் போன்ற ஜாஸ் மேதைகள் இதில் கூட இருக்கிறார்கள். அவர் அவசரப்படுவதே இல்லை. பாதயாத்திரை வந்து சண்முகநதிக் கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தமக்குள் பாடுவார்களே, அப்படி ஒரு குரல். தூக்கம் வராத ராத்திரிக்கு நல்லது.

பாப் பற்றி நாலு வரி போதும். சாய் அபயங்கர் 2024-இல் போட்ட ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ இரண்டும் ஆல்பம்கூட இல்லை, தனிப் பாட்டுகள். மெட்டு தேன் மிட்டாய். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பாடுகிறார்கள். ஆனால் கேட்டு முடித்த பிறகு எனக்கு மெட்டுதான் மிச்சம் இருந்தது, பாடியவர் யார், எந்த ஊர், என்ன கவலை என்று ஒன்றும் மிச்சமில்லை. சீக்கிரமே சினிமா கூப்பிட்டுக்கொண்டது. அதில் தப்பில்லை. நம் ஊரில் பாட்டுக்குச் சோறு போடுவது சினிமாதான்.

குறையும் சொல்ல வேண்டும். ராப் என்ற பெயரில் குடியையும் காரையும் கழுத்துச் சங்கிலியையும் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளைக் கேவலமாகப் பேசுகிற வரிகள் இருக்கின்றன. அவை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைவிட மோசமான வரிகள் சினிமாப் பாட்டில் வந்தபோது நாம் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டோம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு கூடாது.

இத்தனையும் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சினிமாவில் ஒருவர் எழுதுகிறார், ஒருவர் மெட்டமைக்கிறார், ஒருவர் பாடுகிறார், கடைசியில் வாயசைக்கிற நாயகன் பாட்டாக அது ஆகிவிடுகிறது. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், இன்றும் கேட்கிறேன். ஆனால் இந்த ஆல்பங்களில் பாடுகிறவர் தன் பாட்டி பெயரை, அப்பா பெயரை, தன் தெருவைத் தானே சொல்கிறார். தினம் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பேர் கூப்பிட்டவள் என்பதால் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பேர் கூப்பிட்டதும் சில பிள்ளைகள் கணீரென்று “உள்ளேன் டீச்சர்” என்பார்கள். சில பிள்ளைகளுக்குக் குரலே எழும்பாது. எந்தத் தெருப் பிள்ளைக்குக் குரல் எழும்பவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் குரல்தான் இப்போது ராப்பில் வருகிறது.

அந்தப் பேரை விட்டுவிடவும் நமக்குத் தெரிகிறது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்து உலகமெல்லாம் ஓடியது. அறிவும் தீயும் பாடியது. அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் போட்டபோது அறிவின் முகம் அதில் இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு அவருக்குத் தனியாக ஓர் அட்டை இணையத்தில் வெளியிட்டார்கள். அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் நாட்டாமை இல்லை. ஆனால் பாட்டியின் கதையைக் கொண்டு வந்த பேரன் அட்டையில் இல்லாதது எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது?

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வயசுக்கு மீறிய சினிமாப் பாட்டுக்கு ஆடினால் கை தட்டுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் தானே எட்டு வரி எழுதி ராப் பாடட்டுமா என்று கேட்டால் “ரவுடித்தனம் பண்ணாதே” என்கிறோம். 2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மேடை இருக்கிறது. “உன் பாட்டியைப் பற்றி எட்டு வரி எழுதி வா, எதுகை மோனை இருக்க வேண்டும், பொய் இருக்கக் கூடாது” என்று சொல்லிப் பாருங்கள். கரும்பு வெட்டப் போன பாட்டியும், மில்லுக்குப் போன அத்தையும், தோட்டத்தில் தேங்காய் உரிக்கிற அப்பாவும் வகுப்புக்குள் வருவார்கள். தமிழ்ப் பாடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு: அறிவு ஒரு பாட்டு, பிரியா ராகு ஒரு பாட்டு, கனவ்யா ஒரு பாட்டு, மூன்றே பாட்டு கேளுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு: நான் தவற விட்ட ஆல்பம் இருந்தால் அனுப்புங்கள். கூடவே எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நெய்க்காரப்பட்டி.