சந்திரகிரிக்கு ஒரு நாள்

கிறிஸ்மஸ் பலகாரங்கள் தீருமுன்பே, "இனி எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஆகும் செலவை எண்ணித் தயங்கும் மயிலை, அடையாறு, தியாகராய நகர்க் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது சந்திரகிரி. திருப்பதியிலிருந்து 12 கிலோமீட்டர்தான். குளிருக்காகப் போகும் மலையன்று. பாறைக் குன்றின் அடியில் இரண்டு அரண்மனைகள் நிற்கும் பழைய தலைநகர்.

1565-ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் தோற்ற விசயநகர அரசர்கள் முதலில் பெனுகொண்டாவுக்கும், பின்னர் சந்திரகிரிக்கும் பெயர்ந்தனர். 1598-இல் சாந்தோமிலிருந்து சேசு சபைக் குருக்கள் இங்கு வந்து வேங்கடபதி ராயரைக் கண்டனர். ஆலயம் எழுப்ப அவர் இசைவளித்தார். மயிலை மறைமாவட்டம் தோன்றியதே 1606-இல்தான் என்பதை நினைத்தால், அவர்களுடைய துணிவு வியப்பளிக்கிறது. இன்று நாம் காலை உணவுக்குப் பின் அடைந்துவிடும் ஊர் அவர்களுக்குப் பல நாள் பயணம்.

ராஜா மகால் மூன்று அடுக்கு உடையது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமே கொண்டு, மரமே சேர்க்காமல் கட்டியிருக்கிறார்கள். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. சற்றுத் தள்ளி ராணி மகால்.

சென்னைக்கான சாசனம் இவ்வரண்மனையில்தான் எழுதப்பட்டது என்று அங்கே சொல்லக் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதைச் சற்றுத் திருத்திச் சொல்லுதல் நலம். 1639-இல் ஆங்கிலேயர் கோட்டை கட்ட இடங்கொடுத்தவர், அப்பகுதியை அரசருக்குக் கீழிருந்து ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அரசர் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் தம் சாசனத்தை அளித்தது 1645-இல். இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது கதைக்கு வசதி, வரலாற்றுக்கு அன்று.

நாளைத் தேர்வதில் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். புத்தாண்டை ஒட்டித் திருமலை செல்வோர் கூட்டம் மிகுதி. பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் பாறை கொதிக்கும். சென்ட்ரலிலிருந்து காலை இரயிலில் திருப்பதி சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். புளிச்சோறும் தண்ணீரும் கையோடு கொண்டு செல்க. முதியோர் உடன் வந்தால் குன்றேறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அரண்மனைகளே ஒரு பகலுக்குப் போதும். திரும்பும் சீட்டையும் முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். திருப்பதி நிலையத்தின் மாலை நெரிசலில் பாட்டியை நிற்க வைத்தல் ஆகாது.