நாகலூரும் கேட்கும் சுயாட்சி

மாநில சுயாட்சி என்பது தமிழ் மண்ணில் நெடுங்காலமாக ஒலித்துவரும் முழக்கம். 1969இல் இராசமன்னார் குழு அமைந்தது. 1974இல் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025இல் நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைந்தது. இம்மரபை நாம் போற்றுகிறோம். ஆயினும், தில்லியிடம் நாம் கேட்பதை நம்மிடம் நாகலூர் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

சேர்வராயன் மலையில், காபித் தோட்டங்களுக்கு நடுவே, ஏற்காடு ஒன்றியத்தில் அமைந்தது நாகலூர் ஊராட்சி. 1992இல் நிறைவேறிய 73ஆம் அரசமைப்புத் திருத்தம் இத்தகைய சிற்றூர்களுக்கும் ஓர் அரசை வழங்கியது. ஐந்தாண்டுப் பதவிக்காலம், அது முடியுமுன் அடுத்த தேர்தல். இதுவே அரசமைப்பின் ஆணை.

நடந்ததோ வேறு. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்திற்குப் பின், 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்ற சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்கள் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு காலம் முடித்தன. தேர்தல் நடைபெறவில்லை; சட்டம் திருத்தப்பெற்று, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் சென்றது. எல்லை மறுவரையறை முதலிய காரணங்கள் கூறப்பட்டன. ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த நாளுக்கு அப்பணிகளை முன்னரே முடித்திருத்தல் இயலாதா?

ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த வழக்கை எண்ணுக. 2025 ஏப்ரலில் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றனவாகக் கருதப்படும் என்றது உச்ச நீதிமன்றம். நவம்பரில், குடியரசுத் தலைவரின் வினாக்களுக்கு விடையளித்த ஐவர் அமர்வு, அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்கலாகாது என்றது. எனினும் முடிவில்லாக் காலந்தாழ்த்தலை அது ஏற்கவில்லை. அங்கே காலக்கெடு எழுதப்படவில்லை என்பது வழக்கு. ஊராட்சிக்கோ காலக்கெடு எழுதப்பட்டே உள்ளது. எழுதியும் பயனில்லை என்பதே நம் வருத்தம்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை வகுப்பில் பெருமையோடு கற்பிக்கிறோம். ஓராண்டுப் பதவி, கணக்குக் காட்டாதார்க்கு மறுவாய்ப்பில்லை என்ற விதிகள் வியப்பளிப்பன. ஆயின் அச்சபை நிலமும் கல்வியும் உடையார்க்கே உரியது. இன்றைய ஊராட்சியில் பாதி இடங்கள் மகளிர்க்கு. பழங்குடியினர்க்கும் ஆதிதிராவிடர்க்கும் தனி ஒதுக்கீடு. மன்றம் வெறுமையாகும்போது முதலில் இழக்கப்படுவது இவர்தம் குரலே. குழாயில் நீர் வராவிடில், மலைவாழ் மூதாட்டி தாம் வாக்களித்த தலைவர் வீட்டு வாயிலில் நின்று உரிமையோடு கேட்பார். அலுவலரிடம் அவர் மனுவோடுதான் நிற்றல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மன்றம் கலையினும் கிராம சபை கலைவதில்லை. அதில் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் முதலியன அது கூடும் நாள்கள். விடுமுறையில் ஊர் செல்லும் நீங்கள் அங்கே அமருங்கள். தேர்தல் எப்போது என்று எழுந்து கேளுங்கள். மேலிடத்தில் உரிமை கேட்கும் நா, கீழிடத்திற்கு உரிமை வழங்கும் கையோடு இணைந்தால்தான் சுயாட்சி முழுமை பெறும்.