பழைய வெள்ளியை உருக்கும் முன்...

பழைய வெள்ளி என்றால் நம் வணிகர்களுக்கு ஒரே கணக்குதான். தராசில் வை, கழிவைத் தள்ளு, அன்றைய விலையைப் போடு, மூசைக்கு அனுப்பு. கொலுசுக்கும் அரைஞாண் கொடிக்கும் இந்தக் கணக்கு சரி. எல்லாப் பொருளுக்கும் சரியாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன், பழைய ஜமீன் குடும்பத்து ஆச்சி ஒருவர் தச்சநல்லூரில் என் கடைக்குத் துணிப்பையுடன் வந்தார். "அண்ணாச்சி, வீட்ல சும்மா கெடக்கு. எடை போட்டு எடுத்துக்கிடுங்க" என்றார். உள்ளே ஒரு ஜோடி மெழுகுவத்தித் தண்டுகள், கத்தரிக்கோல் போன்ற ஒரு கருவி, அதை வைக்கும் நீளத் தட்டு. எடைக்குப் பணம் கொடுத்தேன். ஆசாரி தண்டை அறுத்தபோது அடிப்பாகத்திலிருந்து கருங்கீல் உதிர்ந்தது. வெள்ளி மெல்லிய தகடு மட்டுமே. எனக்கு நஷ்டம். மற்றவற்றையும் கோபத்தில் உருக்கிவிட்டேன். தட்டின் பின்புறம் ஒரு சிங்க முத்திரை இருந்தது. அதன் பொருளைப் பின்னால் விசாரித்து அறிந்தபோதுதான், ஆச்சிக்கும் நஷ்டம் செய்துவிட்டேன் என்பது புரிந்தது.

அந்த முத்திரையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நடக்கும் சிங்கம் என்றால் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி, 1000க்கு 925 பங்கு. உடன் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் 1784 முதல் 1890 வரை வாங்கிய வரியின் அடையாளம். ஓர் எழுத்து, சோதித்த ஆண்டைச் சொல்லும்.

கத்தரிக்கோல் போன்ற அந்தக் கருவி, கருகிய திரியை நறுக்குவதற்கானது. நறுக்கிய துண்டு அதன் அலகில் உள்ள சிறு பெட்டிக்குள் விழும். 19ஆம் நூற்றாண்டில் பின்னல் திரி வந்தபின் அதற்கு வேலை போயிற்று. ஆகவே அதைக் கண்டாலே பொருள் பழையதாக இருக்கலாம் என்று நிதானிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம். பளபளப்பைக் கண்டு வெள்ளி விலை கொடுத்தால் கை சுடும். முத்திரை இல்லாததெல்லாம் போலி என்றும் தள்ளிவிட முடியாது. 1849இல் தொடங்கிய மதராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள், தெய்வ உருவங்கள் பொறித்த 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளிச் சாமான்களை விற்றன. அவற்றில் சிங்கம் இராது; நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

"எடை போடுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தங்கத்துக்கு ஹால்மார்க் 2021இல் கட்டாயமானது. வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் முதல் விருப்ப அடிப்படையில் அடையாள எண் வந்துவிட்டது. புதுப் பொருளின் முத்திரையை வாடிக்கையாளருக்குக் காட்டி விற்கும் நாம், அவர் கொண்டுவரும் பழைய பொருளின் முத்திரையைப் பாராமல் இருப்பது என்ன நியாயம்?

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருளாகும். அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே, "நாமே வாங்கி நல்ல விலைக்கு விற்போம்" என்று இறங்குவதும் ஆபத்து.

நான் சொல்வது இவ்வளவே. முத்திரையைப் பாருங்கள். அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால், "ஆச்சி, இது எடைக்குப் போடுற சாமான் இல்லை, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புங்கள். அன்றைய வியாபாரம் ஒன்று போகும். அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாண நகை உங்கள் கடைக்குத்தான் வரும்.

நம் சங்கமும் வெள்ளி முத்திரைகளின் படங்களை ஒரே தாளில் அச்சிட்டு, உறுப்பினர் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். பெயரிலேயே தச்சனை வைத்திருக்கும் ஊர் நம்முடையது. கைவேலையின் அருமை நமக்குத் தெரியாததல்ல. மூசையில் போட்டது திரும்பி வராது. நிர்வாகிகள் ஆவன செய்வார்களா?